டஸ்கனி மலைகளில் மவுண்டன் பைக்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதக் கேள்விகள் எல்லாமே இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில் சைக்கிள் ஓட்டுவது பற்றியவை. சியெனா நகருக்குத் தெற்கே உள்ள ஓர்ச்சா பள்ளத்தாக்கையும் வடக்கே உள்ள கியான்டி மலைகளையும் மனதில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: வால்பாறை, கோத்தகிரி பக்கம் மவுண்டன் பைக் ஓட்டிப் பழக்கம் உண்டு. டஸ்கனியில் நான்கு நாள் கிடைக்கிறது. எங்கே தங்கலாம், எந்த வழிகளில் போகலாம்? ஏற்றம் கடினமா?
— வாசகர், கோயம்புத்தூர்

சான் குவிரிகோ டோர்ச்சாவில் தங்குங்கள். சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் மதில் சூழ்ந்த சிற்றூர். நாலு பக்கமும் மண்சாலைகள் பிரிகின்றன, தினமும் மூட்டை கட்ட வேண்டியதில்லை.

முதல் நாள் கை பழகுவதற்கு: வித்தலேத்தா சிற்றாலயம் வழியாகப் பியென்ட்சா போய்த் திரும்புங்கள். கொர்சின்யானோ என்ற கிராமமாக இருந்த பியென்ட்சாவை, அங்கே பிறந்த போப் இரண்டாம் பயஸ் 1459 முதல் பெர்னார்தோ ரொஸ்ஸெல்லினோ என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு திட்டமிட்ட நகரமாக மாற்றினார். கால் தாங்கினால் அங்கிருந்து மொந்திகியெல்லோ வரை நீட்டலாம்.

இரண்டாம் நாள் பான்யோ வின்யோனி, ரொக்கா டோர்ச்சா, கஸ்திலியோனே டோர்ச்சா. பான்யோ வின்யோனியில் ஊர்ச் சதுக்கம் இருக்க வேண்டிய இடத்தில் வெந்நீர்க் குளம் இருக்கும். அதில் இறங்க அனுமதி இல்லை. அந்தத் தண்ணீர் வழிந்து ஓடும் பழைய ஆலைகளின் பக்கம் போனால் காலை நனைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் தொர்ரெனியேரி வழியாக மொந்தல்சினோ. ஊர் 564 மீட்டரில் இருக்கிறது, தொர்ரெனியேரியிலிருந்து ஏற்றம்தான். மேலே போன பிறகும் தெம்பு இருந்தால் சாந்தந்திமோ மடாலயம் வரை இறங்கலாம். ஆனால் இறங்கியதை மறுபடி ஏறியே ஆக வேண்டும் என்பதை மேலேயே யோசித்து முடிவெடுங்கள்.

நான்காம் நாள் ரதிகோஃபானி. வியா ஃபிரான்சிஜெனா யாத்திரைப் பாதையில் சுமார் 33 கிலோமீட்டர். ஓர்ச்சா ஆற்றங்கரை 300 மீட்டருக்குக் கீழே, ரதிகோஃபானி கோட்டைப் பாறை கிட்டத்தட்ட 900 மீட்டர். அந்த உயரத்தின் பெரும்பகுதி கடைசியில்தான் வரும். 13ஆம் நூற்றாண்டில் கீனோ தி தாக்கோ என்ற கொள்ளைக்காரன் இந்தக் கோட்டையை வைத்துக்கொண்டுதான் ரோம் போகும் வழியையே கட்டுப்படுத்தினான். மேலே நின்று பார்த்தால் அது எப்படி முடிந்தது என்று கேட்கவே தோன்றாது. இந்த வழியில் காசியா நெடுஞ்சாலை குறுக்கிடும். லாரிகள் வேகமாகப் போகும் சாலை அது. அதன் ஓரமாக ஓட்டுவதைக் கூடியவரை தவிர்த்து, மண்பாதை நீளமாக இருந்தாலும் அதையே பிடியுங்கள்.

கடினத்தைப் பற்றி. வால்பாறைச் சாலையில் ஒரே சீராக மணிக்கணக்கில் ஏறிப் பழகிய காலுக்கு இங்கே முதலில் குழப்பமாக இருக்கும். ஒரு கிலோமீட்டர் ஏற்றம், ஒரு கிலோமீட்டர் இறக்கம், மறுபடி ஏற்றம். ஒவ்வொன்றும் குட்டை, ஆனால் 12, 15 சதவீதச் சரிவு சாதாரணம். 40 கிலோமீட்டர் போனால் 900, 1,000 மீட்டர் ஏறியிருப்பீர்கள். இன்னொன்று: இங்கே ஊர்கள் பெரும்பாலும் பாதுகாப்புக்காகவும், பள்ளத்தின் நோய்க்காற்றுக்கு அஞ்சியும் குன்றின் உச்சியில் கட்டப்பட்டவை. அதனால் பெரும்பாலான ஊர்களுக்குக் கடைசி இரண்டு கிலோமீட்டர் ஏற்றம்தான். தண்ணீரையும் தின்பண்டத்தையும் அதற்கு மிச்சம் வையுங்கள்.

கியர் விஷயத்தில் தயவு தாட்சண்யம் வேண்டாம். முன்னால் 32 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 51 பல் உள்ள 29 அங்குல வண்டியில், பெடல் ஒரு சுற்றுக்கு 1.44 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 5 கிலோமீட்டர் சொச்சம். வாடகைக் கடைகளில் சிலசமயம் தரும், முன்னால் 38, பின்னால் 36 பல் உள்ள வண்டியில் அதே 60 சுற்றுக்கு மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். 15 சதவீத ஏற்றத்தில் அதற்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் பலம் வேண்டும். முட்டிதான் விலை கொடுக்கும்.

கேள்வி: மழை பெய்தால் இந்த மண்பாதைகளில் ஓட்ட முடியாது என்கிறார்களே, உண்மையா? மண் டயரில் ஒட்டினால் என்ன செய்வது?
— வாசகர், சேலம்

எந்த மண் என்பதைப் பொறுத்தது. டஸ்கனிப் பயணம் கெட்டுப்போவதற்கு முதல் காரணம் சரிவு அல்ல, இந்த மண் வேறுபாடு தெரியாததுதான்.

சியெனாவுக்குத் தென்கிழக்கே கிரேத்தே சேனேசி என்ற பகுதியும் ஓர்ச்சா பள்ளத்தாக்கின் பெரும்பகுதியும் பழைய கடலடி. மூன்று நான்கு மில்லியன் ஆண்டுகளுக்கு முன் கடலில் படிந்த சாம்பல் நிறக் களிமண். உழுத வயலில் சிப்பித் துண்டுகள் கிடக்கும். கியான்டி அப்படி அல்ல. அங்கே கலெஸ்த்ரோ என்ற பொரபொரப்பான பாறைச்சில்லும் அல்பெரேசே என்ற சுண்ணாம்புக்கல்லும். தண்ணீர் வடிந்துவிடும். ஆகவே மழை பெய்த மறுநாள் ஓட்டியே தீர வேண்டும் என்றால் கியான்டிப் பக்கம் போங்கள். களிமண் பக்கம் போக வெயிலும் காற்றும் உள்ள ஒரு முழு நாளாவது காத்திருங்கள். குளிர்காலத்தில் ஒரு நாள் போதாது.

களிமண் பகுதிக்குள்ளும் இரண்டு வகைப் பாதை உண்டு. சரளை கொட்டி உருட்டிய வெள்ளைச் சாலை ஒன்று. வயலுக்கு வயல் டிராக்டர் போகும் வெறும் மண்தடம் இன்னொன்று. முதலாவதில் மழையிலும் ஓட்டலாம், வண்டி நாசமாகும், ஆனால் போய்ச் சேரலாம். 2010 ஜிரோ தித்தாலியா பந்தயத்தில் மொந்தல்சினோவில் முடிந்த சுற்று மழையில் நடந்தது. காடெல் எவன்ஸ் வென்றார், யார் எந்தச் சட்டை என்று தெரியாத அளவுக்கு எல்லோர் மேலும் சேறு. இரண்டாவது வகைத் தடத்தில் ஈரம் இருந்தால் ஐம்பது மீட்டர் கூடப் போக முடியாது.

நடப்பது இதுதான். களிமண் டயரில் ஒட்டும். அதன் மேல் புல்லும் கூழாங்கல்லும் ஒட்டும். அடுத்த சுற்றில் இன்னொரு அடுக்கு. ஃபோர்க் வளைவிலும் பின்சக்கரத்தின் இரு தண்டுகளுக்கு நடுவிலும் மண் அடைத்துக்கொண்டு சக்கரம் நிற்கும். அப்போது பலமாக மிதிப்பவர்கள்தான் வண்டியை உடைக்கிறார்கள். புல்லோடு சேர்ந்த மண், பின்னால் கியர் மாற்றும் டீரெய்லரின் சிறு சக்கரங்களில் சிக்கும், செயின் இழுக்கும், டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் வளையும் அல்லது ஒடியும், டீரெய்லர் ஸ்போக்குக்குள் போகும். ஹேங்கர் ஒவ்வொரு சட்டத்துக்கும் வேறு வடிவம். கிராமக் கடையில் கிடைக்காது. உங்கள் வண்டிக்குரிய ஹேங்கர் ஒன்று பையில் இருக்கட்டும். வாடகை வண்டி என்றால் கடையில் கேட்டு வாங்குங்கள்.

சக்கரம் கனமாகிறது என்று தெரிந்தவுடனே இறங்குங்கள். தூக்கிக்கொண்டு ஓரத்துப் புல்லுக்குப் போய் அதன் மேல் உருட்டுங்கள், பாதி மண் அங்கேயே உதிரும். மிச்சத்தை விரல் பருமன் குச்சியால் தோண்டுங்கள். குடிநீரைக் கொஞ்சமாக ஊற்றினால் இன்னும் வழவழப்பாகி ஒட்டும், ஊற்றாதீர்கள். புல் என்று நினைத்து விதைத்த கோதுமையில் ஏறிவிடாதீர்கள். நவம்பரில் விதைப்பு, ஜூன் கடைசியிலிருந்து அறுப்பு. இடைப்பட்ட மாதங்களில் குன்று முழுக்கப் பச்சையாகத் தெரிவது பெரும்பாலும் பயிர்தான்.

சேற்றில் ஓடிய நாளின் மாலையில் பிரேக் பட்டையைக் கட்டாயம் பாருங்கள். களிமண்ணில் கலந்த நுண்மணல் ரெசின் பட்டையை ஒரே நீண்ட இறக்கத்தில் அரைத்துவிடும். உராய்வுப் பகுதி ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள், அரை மில்லிமீட்டர் என்பது கடைசி எல்லை. ஈர மாதங்களில் உலோகக்கலவைப் பட்டையே நல்லது. சத்தம் போடும், ஆனால் தாங்கும். வண்டியைக் கழுவும்போது வேக நீர்க்குழாயை அச்சுப் பகுதிகளில் நேராக அடிக்கக் கூடாது, கிரீஸ் வெளியேறி பேரிங் துருப்பிடிக்கும்.

கேள்வி: இருபத்தோராம் நூற்றாண்டிலும் ஐரோப்பாவில் இத்தனை மண்சாலை எப்படி மிஞ்சியது?
— வாசகி, யாழ்ப்பாணம்

விளைச்சலில் பாதி நில உடைமையாளருக்கு, பாதி உழவருக்கு என்ற வார முறை டஸ்கனியில் பல நூற்றாண்டு நடந்தது. மெத்ஸத்ரீயா என்பார்கள். நிலத்துக்கு நடுவிலேயே உழவர் குடும்பம் வீடு கட்டி வாழும். அந்தத் தனித்தனி வீடுகளை இணைத்த தடங்கள்தான் இன்றைய வெள்ளைச் சாலைகளில் பல. கீழே களிமண்ணில் தண்ணீர் தேங்கும் என்பதால் குன்றின் முதுகு மேலேயே போகும். ஏறி முடித்தால் இரு பக்கமும் பார்வை விரிவது அதனால்தான்.

1950, 60களில் உழவர்கள் கூட்டம் கூட்டமாக ஆலைகளுக்கும் நகரங்களுக்கும் போய்விட்டார்கள். 1964இல் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடை செய்தது. வீடுகள் காலியாகின. தார் போடச் சொல்லிக் கேட்கவும் ஆள் இல்லை. பிறகு பணம் வந்து தார் பரவத் தொடங்கியபோது, அதைத் தடுக்க வேண்டும் என்று நினைத்தவர்களில் ஒருவர் ஜியான்கார்லோ ப்ரோச்சி. 1997இல் கியான்டியின் காயோலே ஊரில் அவர் தொடங்கிய லேரோயிகா என்ற பழைய சைக்கிள் ஓட்டத்துக்கு முதல் ஆண்டு வந்தவர்கள் 92 பேர். 1987க்கு முந்தைய வண்டிகளுக்குத்தான் அனுமதி. அதன் நீண்ட வழி இன்று 209 கிலோமீட்டர் நிரந்தரப் பாதையாகக் கைகாட்டிகளோடு இருக்கிறது, ஆண்டு முழுவதும் யாரும் ஓட்டலாம். அதிலிருந்து பிறந்த தொழில்முறைப் பந்தயம் ஸ்த்ராதே பியாங்கே, 2007 முதல். சியெனாவின் பெரிய சதுக்கத்தில் முடிகிறது. அதற்குச் சற்று முன் வரும் சாந்தா காதெரீனா தெரு 16 சதவீத ஏற்றம்.

இன்னும் பழைய அடுக்கு ஒன்று உண்டு. கான்டர்பரி பேராயர் சிகெரிக் 990ஆம் ஆண்டு ரோமிலிருந்து திரும்பும்போது தங்கிய இடங்களின் பட்டியல் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் சான் குவிரிகோவும் தொர்ரெனியேரியும் இருக்கின்றன. மேலே முதல் பதிலில் சொன்ன வழியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் குறிப்பெழுதிக்கொண்டு போயிருக்கிறார்.

இவை இன்றும் உழவர் சாலைகள். டிராக்டர் வந்தால் ஒதுங்கி நில்லுங்கள். திறந்த கேட்டைத் திறந்தபடியும் மூடிய கேட்டை மூடியும் விட்டுப் போங்கள்.

கேள்வி: சரளைச் சாலை இறக்கத்தில் முன்சக்கரம் வழுக்குகிறது. டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும்?
— வாசகர், சிங்கப்பூர்

70 கிலோ எடை, 29 அங்குலச் சக்கரம், 2.3 அங்குல அகலம், ட்யூப்லெஸ் என்றால் முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ-யில் தொடங்குங்கள். ஒவ்வொரு 5 கிலோவுக்கும் ஒரு பிஎஸ்ஐ கூட்டலாம். உள்ளே ட்யூப் இருந்தால் ஐந்தாறு கூட்டுங்கள், இல்லாவிட்டால் கல்லில் ரிம் இடித்து ட்யூபில் பாம்பு கடித்த மாதிரி இரட்டை ஓட்டை விழும். ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம் டயருக்கு 100 மில்லி. வேலியோர முட்செடிகளை வெட்டிப் போடும் காலத்தில் அதுதான் காப்பாற்றும்.

வழுக்குவதற்குக் காற்று மட்டும் காரணம் அல்ல. வெள்ளைச் சாலையில் வண்டிச்சக்கரம் போன இரண்டு தடம் கெட்டியாக இருக்கும், நடுவிலும் ஓரத்திலும் உதிரிச் சரளை குவிந்திருக்கும். கெட்டித் தடத்திலேயே இருங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடியுங்கள், வளைவுக்குள் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். தடம் மாற வேண்டும் என்றால் நேரான இடத்தில் மாறுங்கள். சரிவான இடங்களில் சாலை அலை அலையாகப் பள்ளம் விழுந்திருக்கும். அங்கே இருக்கையிலிருந்து சற்று எழுந்து, ஹேண்டிலைத் தளர்வாகப் பிடியுங்கள். இறுக்கிப் பிடித்தால் அதிர்வு முழுக்க முன்சக்கரத்துக்குத் திரும்பி அது துள்ளும், துள்ளும் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை.

கேள்வி: சொந்த வண்டியைக் கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா?
— வாசகி, சென்னை

ஒரு வாரத்துக்குக் குறைவு என்றால் வாடகை. பெடலையும் இருக்கையையும் மட்டும் எடுத்துப் போங்கள், பழகிய இருக்கை பாதி பயணம்.

வாடகைக் கடையை விட்டுக் கிளம்பும் முன் பிரேக்கைச் சோதியுங்கள். நம் ஊர் வண்டிகளில் வலக்கை முன் பிரேக். இத்தாலிய வாடகை வண்டிகளில் பொதுவாக இடக்கை முன் பிரேக், வலக்கை பின் பிரேக். பதற்றத்தில் கை பழக்கப்படிதான் அழுத்தும். கடைக்காரரிடம் சொல்லி மாற்றித் தரக் கேட்கலாம். முடியாது என்றால் முதல் ஒரு மணி நேரம் சமதளத்தில் ஓட்டிக் கையைப் பழக்குங்கள். சாலையில் வலப்பக்கம் போக வேண்டும் என்பதும் சேர்ந்துகொள்வதால் முதல் நாள் நிதானம் தேவை.

சொந்த வண்டி என்றால் பெடலைக் கழற்றுங்கள் (இடது பெடல் மறை எதிர்த்திசை), டீரெய்லரைச் சட்டத்திலிருந்து அவிழ்த்துத் துணி சுற்றி உள்பக்கம் கட்டுங்கள், சக்கரம் கழற்றிய பின் டிஸ்க் பட்டைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டு செருகுங்கள். செருக மறந்து யாராவது பிரேக்கை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்து பட்டை ஒட்டிக்கொள்ளும். மின்சார மவுண்டன் பைக்கின் பேட்டரி பயணிகள் விமானத்தில் ஏறாது, 160 வாட்-மணிக்கு மேல் தடை. அதை அங்கேயே வாடகைக்கு எடுங்கள். 500 வாட்-மணி பேட்டரி நடுத்தர உதவியில் சுமார் 1,000 மீட்டர் ஏற்றம் தரும் என்று கணக்குப் போட்டு வழியைத் திட்டமிடுங்கள்.

ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பல பாலிசிகள் மண்பாதை சைக்கிளை ஆபத்தான விளையாட்டு என்று விலக்கிவைக்கின்றன. பணம் கட்டும் முன் விலக்குப் பட்டியலைப் படியுங்கள்.

கேள்வி: ரயிலில் சைக்கிள் ஏற்றலாமா?
— வாசகர், திருச்சி

சைக்கிள் படம் போட்ட வட்டார ரயில்களில் ஏற்றலாம். வண்டிக்குத் தனிச் சீட்டு, 3.50 யூரோ அளவில். காகிதச் சீட்டை ஏறும் முன் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். சான் குவிரிகோவுக்கு சியெனா–கிரோஸேத்தோ தடத்தில் புவோன்கொன்வெந்தோவில் இறங்கி, தொர்ரெனியேரி வழியாக மிதியுங்கள். இந்தப் பகுதியில் ரயில் நிலையம் பள்ளத்தில், ஊர் மேட்டில்.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா? தண்ணீர்?
— வாசகி, மதுரை

கிடைக்கும். பீச்சி என்ற தடித்த கையுருட்டுப் பாஸ்தாவை அல்யோனே, அதாவது பெரும்பூண்டும் தக்காளியும் சேர்த்த குழம்பில் கேளுங்கள். கோதுமை மாவும் தண்ணீருமே அடிப்படை, முட்டை சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரிபொல்லீத்தா என்ற ரொட்டி–பயறு–கீரைக் கஞ்சி சைவமாகத் தோன்றும், சில சமையலறைகளில் இறைச்சிச் சாறு சேரும். “கறி வேண்டாம்” என்பதோடு நிறுத்தாமல் “சோனோ வெஜெதாரியானா” என்று சொல்லிவிடுங்கள். ஆட்டுப்பால் பெகோரினோ சீஸில் பொதுவாக ரென்னெட், அதாவது பாலை உறைய வைக்க விலங்கின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள், உண்டு.

டஸ்கனி ரொட்டியில் உப்பு கிடையாது. வியர்த்து ஓட்டிவிட்டு அந்த ரொட்டியும் தண்ணீருமாக இருந்தால் மாலையில் தலைவலியும் தசைப்பிடிப்பும் வரும். லிட்டர் தண்ணீருக்குக் கால் டீஸ்பூன் உப்பு, மூன்று டேபிள்ஸ்பூன் சர்க்கரை, எலுமிச்சை பிழிந்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ச் சதுக்கக் குழாய்களில் நிரப்பலாம், ‘நோன் பொதாபிலே’ என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது. ஊருக்கு ஊர் நடுவே குழாய் இல்லை, வெயில் காலத்தில் இரண்டு லிட்டர் சுமந்தாக வேண்டும். மதியச் சமையலறை பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை. மூன்று மணிக்குப் பசியோடு போய்ச் சேர்ந்தால் பூட்டிய கதவுதான்.

கேள்வி: நவம்பரில் போகலாம் என்றிருக்கிறோம். வேட்டைக் காலம் என்று பயமுறுத்துகிறார்கள். ஆட்டு நாய்களும் துரத்துமாமே?
— வாசகர், பலெர்மோ

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடு வரையும், செப்டம்பர் நடு முதல் அக்டோபர் வரையும்தான் நல்ல காலம். நவம்பரில் சேறு, சீக்கிரம் இருட்டு, கூடவே வேட்டை. பொது வேட்டைக் காலம் செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு முதல் ஜனவரி 31 வரை. செவ்வாயும் வெள்ளியும் நாடு முழுக்க வேட்டை இல்லாத நாட்கள். காட்டுப்பாதைகளை அந்த இரண்டு நாளுக்கு ஒதுக்கி, மற்ற நாட்களில் திறந்த வெள்ளைச் சாலைகளில் இருங்கள். காட்டுப்பன்றி வேட்டை நடக்கும் பாதை முகப்பில் பலகை வைப்பார்கள். அதைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள், ஓரமாகப் போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஆரஞ்சு நிற மேல்சட்டை போடுங்கள். ஊர் எல்லைக்கு வெளியே சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பிறகு ஒளிரும் சட்டை சட்டப்படியே கட்டாயம், முன்பின் விளக்கும் வேண்டும்.

நாய்கள் பெரிய வெள்ளை நிற மரெம்மானோ வகை. ஓநாயிடமிருந்து மந்தையைக் காப்பதுதான் அவற்றின் வேலை, சைக்கிளை விரட்டுவதில் ஆசை கிடையாது. மந்தையைப் பார்த்தவுடன் தூரத்திலேயே இறங்குங்கள். வண்டியை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, கண்ணை உற்றுப் பார்க்காமல், மந்தையை விட்டு விலகும் திசையில் மெதுவாக நடங்கள். கல்லெடுக்கக் குனியாதீர்கள். நாய் பின்னால் வருவது நின்று, நூறு மீட்டராவது கடந்த பிறகு ஏறுங்கள். மேய்ப்பர் இருந்தால் குரல் கொடுங்கள், அவர் அழைத்தால் நாய்கள் திரும்பிவிடும். காயம், விபத்து எதற்கும் அழைக்க வேண்டிய எண் 112. பாதைக் கம்பத்தில் சிவப்பு வெள்ளைப் பட்டையோடு இருக்கும் எண்ணைச் சொன்னால் மீட்புக்குழு இடத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும், அதனால் கிளை பிரியும் இடத்தில் எல்லாம் அந்தப் பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.